வாக்குச்சீட்டில் இன்னும் உன் பெயர்

என் செல்ல அம்மாவுக்கு, தெருமுனைப் பலகைகளில் இன்னும் நின்றுகொண்டிருக்கிற 'கல்பனா ஃபார் ஜட்ஜ்'க்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. இதை என் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டால் வெளிச்சம் வெளியே தெரியாது. அப்பா ஹாலில் சோபாவில் தூங்குகிறார். உங்கள் அறையில் அவர் இப்போது படுப்பதில்லை.

தமிழில் எழுதுகிறேன் என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். நீ தமிழில் கேட்பாய், நான் இங்கிலீஷில் பதில் சொல்வேன், அதுதான் நம் வழக்கம். "பேசாட்டிப் போ, எழுதவாவது கத்துக்கோ" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போவாய். இன்றைக்கு முதலில் இங்கிலீஷில்தான் எழுதிப் பார்த்தேன். ஸ்கூல் கட்டுரை மாதிரி வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நாளை மதியம் கோயில் ஹாலில் உனக்கு நினைவேந்தல் கூட்டம். நான் பேச வேண்டும். என்ன பேச வேண்டும் என்று கூட்டத்தை ஏற்பாடு செய்கிற சுந்தர் அங்கிள் சொல்லியிருக்கிறார். ஆனால் நான் பேச நினைத்திருப்பது வேறு. அது அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

நீ கேட்கக்கூடிய விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கறிவேப்பிலைச் செடி குளிரில் கருகிவிட்டது. அப்பா பெட்ஷீட் போர்த்தினார், ஆனால் ஒரு நாள் தாமதமாக. கார் ஓட்டிப் பழக எனக்கு லேர்னர் பர்மிட் வந்துவிட்டது. கெமிஸ்ட்ரியில் மார்க் இறங்கியிருக்கிறது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, இப்போது யாரும் என்னை எதற்கும் திட்டுவதில்லை. அப்பா ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். நன்றாக இல்லை. சாப்பிடுகிறோம்.

தேர்தல் செவ்வாய்க்கிழமை. நவம்பரில் கட்சி சார்பில் யார் நிற்பது என்று முடிவு செய்கிற பிரைமரி. நம் பகுதியில் இதில் ஜெயித்தால் நவம்பரில் ஜெயித்த மாதிரிதான் என்று நீயே சொல்வாய். வாக்குச்சீட்டில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. இப்போது இருக்கிற நீதிபதி, அவரை எதிர்த்து நிற்கிற டெனிஸ், நீ. உன் பெயரை எடுக்க முடியவில்லை. அதற்கான கெடு நீ போவதற்கு முன்பே முடிந்துவிட்டதாம்.

இதைக் கண்டுபிடித்து வந்து சொன்னவர் சுந்தர் அங்கிள்தான். பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அங்கிள் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முரளி, நல்லாக் கேட்டுக்கோங்க. பேரு பேலட்ல இருக்கு. எடுக்க முடியாதாம். ஓட்டு விழுந்தா கவுன்ட் பண்ணுவாங்களாம். நான் செக் பண்ணிட்டேன்."

"அதுக்கு என்ன இப்போ?" என்றார் அப்பா.

"என்னவா? அனுதாப அலைங்க! நம்ம ஊர்ல எத்தனை பாத்திருக்கோம்? கல்பனா ஜெயிச்சா சீட்டு உங்களுக்குத்தான்."

"சுந்தர், நான் சிட்டிசனே இல்ல. இன்னும் இந்தியன் பாஸ்போர்ட். எனக்கு ஓட்டே கிடையாது."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

உமா ஆன்ட்டி பாயசம் ஊற்றிக்கொண்டே, "இவருக்கு எல்லாமே அப்புறம் பாத்துக்கலாம்தான். எங்க வீட்டு பாத்ரூம் குழாயும் ஒரு வருஷமா அப்புறம் பாத்துக்கலாம்ல சொட்டிட்டு இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ போனபிறகு நம் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அப்பாகூடச் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

அங்கிள் விடவில்லை. "சரி, சீட்டை விடுங்க. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? மாலை போட்டா சாயங்காலம் வாடிடும். ஓட்டுப் போட்டா கவர்ன்மென்ட் ரெக்கார்டுல நிக்கும்."

அன்று மாலையே வாட்ஸாப்பில் வந்துவிட்டது. 'ஒரு ஓட்டு, ஒரு பூ.' கீழே பச்சைப் பட்டுப்புடவையில் நீ. முகம் உப்பலாகத் தெரிகிறது என்று எங்கேயும் போட விடாமல் வைத்திருந்தாயே, அதே போட்டோ. இருநூறு பேர் கைகூப்பும் படத்தை அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை அப்பா கராஜுக்குப் போய் உன் தேர்தல் பலகைகளை வெளியே எடுத்தார். நீ வேட்பாளராகப் பதிவு செய்தபோது "யுவர் ஆனர், கொஞ்சம் உப்பு எடுங்க" என்று கிண்டல் செய்துகொண்டு டிவி பார்த்த அதே அப்பாதான். இப்போது ஆபீஸ் முடிந்து வந்ததும் ஷூவைக் கழற்றாமலேயே ரப்பர் சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இந்த ஊர்க் களிமண்ணில் கம்பி வளைந்துவிடுகிறது. வளைந்ததை நிமிர்த்தி, பலகையில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, நேராக நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்க்கிறார். சாப்பிடுகிறார். கொஞ்சம் தூங்குகிறார்.

ஒரு நாள் நானும் கூடப் போனேன். "அம்மா ஜெயிக்கணுமாப்பா?" என்று கேட்டேன்.

"ஜெயிக்கவெல்லாம் வேண்டாம்டா. உங்கம்மா மூணாவதா வரக்கூடாது. அது மட்டும் போதும்."

நான் திரும்பிக் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். காரில் நீ என்னிடம் சொன்னதை நீயும் நானும் மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.

லைப்ரரியில் வேட்பாளர்கள் கூட்டம் முடிந்து திரும்பும்போது நடந்தது அது. மேடையில் ஒரு மைக்தான் இருந்தது. நீயும் டெனிஸும் மாற்றி மாற்றிக் கையில் வாங்கிக்கொண்டீர்கள். நீதிபதி உன் பெயரைச் சொல்ல முயற்சிகூடச் செய்யாமல் 'மிஸ் கே' என்றார். டெனிஸ் கல்-ப-னா என்று மூன்றாகப் பிரித்துச் சரியாகச் சொன்னாள். வாசலில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். காரில் ஏறியதும், நீ நிற்காமல் இருந்தால் யாருக்கு ஓட்டுப் போடுவாய் என்று கேட்டேன்.

"டெனிஸுக்குத்தான். வேற யாரு, அந்த ஆளுக்கா?"

"தென் வொய் ஆர் யூ ரன்னிங்?"

"அவளைவிட நான் பெட்டர்னு நினைக்கறதாலதான்" என்று சொல்லிச் சிரித்தாய். சிக்னலில் நிறுத்திவிட்டு, சிரிக்காமல் சொன்னாய்: "நான் மூணாவதா வந்தேன்னு வை, மறுநாளே அடுத்த சுத்துக்கு அவளுக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாப் போவேன். நம்ம ஆளுங்க ஒருத்தர் விடாம அவளுக்குப் போடணும். அந்த ஆளு மட்டும் திரும்ப அங்க உக்காரக் கூடாது."

அந்த ஆள் என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு ரஜனி அக்காவின் கண்ணாடிதான் நினைவுக்கு வரும். இலங்கையிலிருந்து வந்த ரஜனி அக்காவை வீட்டைவிட்டுக் காலி செய்யச் சொல்லி அபார்ட்மென்ட்காரர்கள் கேஸ் போட்டபோது நீ அவளுடன் அந்த நீதிபதியின் கோர்ட்டுக்குப் போனாய். அவள் கணவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்று மாலை நம் கிச்சனில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "பேப்பரை வாசியுங்கோ எண்டு தந்தவை. நான் கண்ணாடியை எடுத்துப் போடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு. நான் வாயே திறக்கேல்லை."

"ஒரு மனுஷியை ரெண்டு நிமிஷம் பேச விட்டா என்ன குடி முழுகிப் போயிடும்?" என்று நீ தோசைக்கல்லை அடுப்பில் ஓங்கி வைத்தாய். அந்த வாரம்தான் நிற்பது என்று முடிவு செய்தாய். மதுரையில் ஆறு வருஷம் வக்கீலாக இருந்தவள் நீ. இங்கே வக்கீலாக லைசென்ஸ் இல்லை, யாரோ ஒரு வக்கீலின் ஆபீஸில் அவருடைய மனுக்களை டைப் அடித்துக்கொண்டிருந்தாய். ஆனால் டெக்சஸில் இந்தச் சின்னக் கோர்ட்டுக்கு நீதிபதியாக நிற்க வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. "என்னங்க கல்பனா, வக்கீலே ஆகல, நேரா ஜட்ஜா?" என்றார் சுந்தர் அங்கிள். "ஆமாங்க, ப்ரமோஷன்" என்றாய்.

நீ போனபிறகு ஒரு நாள் டெனிஸ் நம் வீட்டுக்கு வந்தாள். அலுமினியத் தட்டில் டூனா மீன் போட்டு ஏதோ செய்து கொண்டுவந்தாள். நாம் மீன் சாப்பிடமாட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா நன்றி சொல்லி ஃப்ரிட்ஜில் வைத்தார். தேர்தலைப் பற்றி அவள் பேசவே இல்லை. நான் வாசல்வரை போய், "எங்கள் ஆட்களிடம் ஓட்டுக் கேட்க வருவீர்களா?" என்று கேட்டேன். அவள் புல்வெளியில் இருந்த உன் பலகையைப் பார்த்தாள். "இந்த வருஷம் இந்தத் தெருக்களுக்கு நான் வரமாட்டேன். அது சரியில்லை" என்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் ஸ்கூல் பாத்ரூமில் இருந்து தேர்தல் ஆபீஸுக்குப் போன் செய்தேன். வேட்பாளர் ஒருவர் இல்லாமல் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். எதற்காகக் கேட்கிறாய் கண்ணு என்றாள் அங்கே இருந்த பெண். ஸ்கூல் ப்ராஜெக்ட் என்றேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். ஓட்டுகள் எண்ணப்படும். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இரண்டு இடங்களுக்கு வந்தவர்கள் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். மூன்றாவதாக வந்தவர் வெளியே. 'குட் லக் வித் யுவர் ப்ராஜெக்ட்' என்று சொல்லி வைத்தாள்.

அதாவது, நம் ஆட்கள் எல்லோரும் பூப் போடுகிற மாதிரி உனக்கு ஓட்டுப் போட்டு நீ இரண்டாவதாக வந்தால், டெனிஸ் வெளியே போய்விடுவாள். அந்த நீதிபதிக்கு எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். உன் பெயர் மட்டும் இருக்கும். அவர் மறுபடியும் அங்கே உட்காருவார். உட்கார வைத்தது நீயாக இருப்பாய்.

இதை சுந்தர் அங்கிளிடம் சொல்லிப் பார்த்தேன். பட்டேல் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை. பிறகு என் தலையில் கை வைத்தார்.

"கண்ணா, போனவங்களுக்குச் செய்யறதுல கணக்குப் பாக்கக் கூடாது. நீ எதுக்கு இதையெல்லாம் யோசிக்கற? ஞாயித்துக்கெழமை மேடையில ஏறி ரெண்டு வார்த்தை பேசு, போதும். எங்கம்மாவுக்காக ஓட்டுப் போடுங்கன்னு முடி. தமிழ்லயே பேசு, சரியா? ஒரு கண்ணு காயக் கூடாது."

அவர் கெட்டவர் இல்லை, அம்மா. நீ ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளும் அப்பாவுடன் தரையில் படுத்துக் கிடந்தவர் அவர்தான். அதனால்தான் எனக்கு அவரிடம் மேலே பேசத் தெரியவில்லை.

நேற்று ரஜனி அக்கா வந்தாள். அவள் சிட்டிசன் ஆகி நாலைந்து வருஷம் ஆகிறது, ஓட்டு இருக்கிறது. நம் வீட்டிலோ ஓட்டு இருந்தது உனக்கு மட்டும்தான். அவள் அப்பாவுக்குக் கேட்காமல் மெதுவாக என்னிடம் கேட்டாள்.

"பிள்ளை, நான் செவ்வாய்க்கிழமை ஆருக்குப் போடுறது? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அந்த மனுசன் திரும்ப வந்தா எனக்குப் பயம். ஆனா அம்மாக்குப் போடாட்டி மனம் கேக்காது. அவ என்னோட கோர்ட்டுக்கு வந்தவ."

தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி, அம்மாக்கே போடுறன். நீ யோசிக்காத" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். யாருக்காக நீ நின்றாயோ அவளே அந்த ஆளை உட்கார வைக்கப் போகிறாள். என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக.

அப்போதுதான் முடிவு செய்தேன்.

இது சரியா அம்மா? நீ சொன்னது உயிரோடு இருக்கும்போது சொன்னது. இப்போது கேட்டால் வேறு மாதிரி சொல்வாயோ? உன் பெயருக்கு நேரே ஒரு சின்ன எண் வந்தால் உனக்கு வலிக்குமா? எனக்கு வலிக்கும். அப்பா அதைப் போனில் திறந்து பார்ப்பார், மூடுவார், மறுபடி திறந்து பார்ப்பார். பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அவர் என்ன செய்வார்?

இன்னொன்றும் இருக்கிறது. நீ கதவு கதவாகத் தட்டிவிட்டு வந்த நாளில்தான் பார்க்கிங்கில் உன் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது. மூளையில் ரத்தக்குழாய், எப்போது வேண்டுமானாலும் வெடித்திருக்கும், நடந்ததற்கும் அலைந்ததற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் நம்புகிறேன். ஆனாலும் இந்தத் தேர்தல் மேலேயே எனக்குக் கோபமோ, அதனால்தான் உன் பெயரைச் சீக்கிரம் எடுத்துவிட நினைக்கிறேனோ என்று சில சமயம் தோன்றுகிறது. இதை யாரிடம் கேட்பது?

கோபமாகவே இருந்தாலும் கணக்கு மாறவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். நிறையப் பேர் முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்களிலேயே போட்டுவிட்டார்கள். அவர்களை ஒன்றும் செய்ய முடியாது. நாளை ஹாலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது இன்னும் போடாதவர்கள். உமா ஆன்ட்டி போடவில்லை, ரஜனி அக்கா போடவில்லை. "ஃபங்ஷன் முடிஞ்சு செவ்வாய்க்கிழமை எல்லாரும் சேர்ந்து போய்ப் போடலாம்" என்று அங்கிள் சொல்லியிருக்கிறார், கோயிலுக்குப் போவது மாதிரி.

ஹாலில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் யாருக்கும் புரியாது. அப்புறம் யாராவது எழுந்து, இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாசம் என்றால் தெரியாது என்பார்கள். நான் இங்கே பிறக்கவில்லை, நாலு வயதில் வந்தேன், ஆனால் அதை அங்கே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அங்கிள் மைக்கை வாங்கப் பார்ப்பார். அவர்களையெல்லாம் என்னால் சமாளிக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு முகத்தைத்தான் எனக்குச் சமாளிக்கத் தெரியாது.

அதனால் அவர் அதை மேடையிலிருந்து முதன்முதலாகக் கேட்கக் கூடாது. நாளை ஹாலுக்கு நான்தான் காரை ஓட்டப்போகிறேன், லைசென்ஸ் வாங்க இத்தனை மணி நேரம் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும் என்று சொன்னால் விடுவார். நான் ஓட்டும்போது அப்பா ரோட்டை மட்டும்தான் பார்ப்பார், என்னைப் பார்க்கமாட்டார். நானும் அவரைப் பார்க்க வேண்டியதில்லை. ஃப்ரீவேயில் ஏறியதும் சிக்னலில் நீ சொன்னதை அப்படியே சொல்வேன், உன் வார்த்தைகளிலேயே, தமிழிலேயே. அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன். அழுதால் காத்திருப்பேன். வேண்டாம் என்றாலும் மேடையில் ஏறுவேன். அதையும் காரிலேயே சொல்லிவிடுவேன்.

இது உனக்கு நான் செய்து கொடுக்கிற சத்தியம். பேசுவதற்கு நிறைய எழுதி வைத்திருந்தேன், எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். மூன்று வாக்கியம்தான் மிச்சம். 'என் அம்மா இறந்துவிட்டார். அவருக்கு ஓட்டுப் போடாதீர்கள். டெனிஸுக்குப் போடுங்கள்.' இரண்டாவதும் மூன்றாவதும் எனக்குச் சுலபமாக வருகின்றன. முதல் வாக்கியத்தை இதுவரை யாரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாளை சொல்வேன்.

உனக்கும் அப்பாவுக்கும் எப்போதும் மகளான,
கயல்